தறிக்குழியில இருக்குது சார்

பிள்ளையார்பாளையத்தில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே தூறல் பிடித்துக்கொண்டது. மங்கையர்க்கரசி பூட்டைத் திறந்து தறி அறைக்குள் போனாள். பட்டப்பகலிலும் விளக்குப் போடாமல் ஒன்றும் தெரியாத அறை. ஈர மண் வாடை அடித்தது.

தறிக்குழி மறுபடியும் தோண்டிக் கிடந்தது.

போன வாரம்தான் ஆள் வைத்து மூடினாள். நெய்கிறவன் காலைத் தொங்கவிட்டு உட்காரும் குழி, இப்போது ஆள் இறங்கும் ஆழத்துக்குத் திறந்திருந்தது. விளிம்பெல்லாம் விரல் தடம். ஒன்றிலும் நகக் கீறல் இல்லை.

நகமில்லாத அந்த விரல்களை அவள்தான் கடைசியாகக் கழுவினாள்.

தெருக் கோவிலில் வெள்ளிச் சொம்பு காணாமல் போனதற்குத் தம்பி கதிர்வேலைப் போலீஸ்காரர்கள் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். அடி தாங்காமல், "தறிக்குழியில இருக்குது சார்" என்றிருக்கிறான். வந்து தோண்டினார்கள். இல்லை. பொய் சொன்னதற்காக மறுபடி அடி. கடைசியில் நெஞ்சு வலி என்று சொல்லி உடம்பைக் கொடுத்தார்கள். சொம்பு பிறகு வேறு ஊரில், வேறொருவனிடம் அகப்பட்டது. விசாரணைக்கு அவள் போகும்போதெல்லாம் அதிகாரி லீவு, இல்லையென்றால் ஃபைல் மேலே போயிருக்கும்.

பக்கத்து வீட்டு ஆதிகேசவன் வாசலில் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா மங்கை, திரும்பவும் பெருச்சாளியா?"

"பெருச்சாளிதான் மாமா."

"எதுக்குமா ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சிக்கினு இருக்க? அவங்களும் இன்னா பண்ணுவாங்க, மடியில ஒக்கார வச்சா கேப்பாங்க? நாலு தட்டு தட்டினாத்தான் பொருளும் வரும், கூட்டாளி பேரும் வரும்."

"பொருள் வந்துச்சா மாமா?"

"மழை வலுக்குதுமா" என்று அவர் தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

அப்போதுதான் குழிக்குள் சுரண்டும் சத்தம் கேட்டது.

"இங்கதான் சார்... இருங்க சார், கெடச்சிடும்..."

"கதிரு," என்றாள் கிசுகிசுப்பாக. "நீ எதையும் எடுக்கலப்பா. போதும், வந்துடு."

சுரண்டல் நிற்கவில்லை. அவன் காதில் அவள் குரல் விழவே இல்லை. விழவேண்டியவர்கள் காதில் மட்டும் எப்போது விழுந்தது?

ஆத்திரத்தோடு பெட்டியைத் திறந்து, தன் கல்யாணத்துக்குச் சீராக வந்த வெள்ளிச் சொம்பை எடுத்துக் குழிக்குள் இறக்கினாள். பொருள் கிடைத்துவிட்டால் விட்டுவிடுவார்கள்.

சத்தம் நின்றது.

எட்டிப் பார்த்தாள். சொம்பு இல்லை. அவன் செத்த பிறகு முதல் தடவையாக அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

பிறகு, யாரோ கேட்டதற்குப் பதில் போல:

"கூட யாரும் இல்ல சார். சத்தியமா இல்ல சார்."

ஓர் அலறல்.

"சொல்றேன் சார்... பக்கத்து வீடு."

குழி தானாகத் தூர்ந்துகொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம், ஆதிகேசவனின் தறி அறையில், சுரண்டும் சத்தம் தொடங்கியது.

"மங்கை... மங்கைமா... எங்க குழியில யாருமா அது?"

பெருச்சாளி என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.