இடது பக்கத்து சீட்டு

"எங்க அண்ணன் ஒக்காந்து செத்த சீட்டு எனக்கு வேணும்."

எந்த வாசலில் எதைக் கேட்கவே கூடாதென்று அம்மா சின்னப்பொண்ணு தன் தலையில் கைவைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருந்தாளோ, அதே வாசலில் நின்று அதையேதான் கேட்டாள் ஜெயக்கொடி. வேலை கேள், விறகு கேள், கை தவறி உடைத்ததற்கு மன்னிப்புகூடக் கேள், சீட்டை மட்டும் கேட்காதே என்பது அம்மாவின் சட்டம். சீட்டைக் கேட்டால் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டதாக ஆகிவிடும். சுந்தரமூர்த்தி வீட்டு நிலத்தில் களை எடுத்துப் பிழைக்கிற குடும்பம் அதைக் கேட்க முடியுமா?

சுந்தரமூர்த்தி ஒரு கையை இடுப்புக்கு முட்டுக் கொடுத்தபடி கதவில் சாய்ந்து நின்றார். விபத்துக்குப் பிறகு அவர் நிற்பதே அப்படித்தான்.

அன்று அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்களில் பாதி ஊர் ஏறிப் போயிருந்தது. அந்த வீட்டு வேலையாட்களும் போய்விட்டார்கள். ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் விழுந்துவிட்டால் செஞ்சிக்கு மட்டும் இருட்டு சீக்கிரம் வரும். மலையின் நிழல் மதில், மாமரம், ஜீப் நிற்கும் ஷெட் என்று ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தது.

அவள் அண்ணன் குரு அந்த வீட்டில் டிரைவர் இல்லை. அதை ஊரே அறியும், அறிந்தும் வாயை மூடிக்கொண்டது. ஒருமுறை டி.வி.எஸ். ஓட்டிப் பார்க்கிறேன் என்று போய்ப் பனைமரத்தில் மோதி, இடது முட்டியில் எலும்பு துருத்திக்கொண்டு வந்தவன் அவன். தங்கை காலேஜுக்குப் போகட்டுமென்று பத்தாம் வகுப்போடு நின்று, சுந்தரமூர்த்தியிடம் கூட இருக்கிற ஆளாகச் சேர்ந்தான். மலைக்குப் பின்னால் நிலக்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லைக்குப் பாறை வழியாக ஜீப் ஒன்றுதான் போகும். குரு இடது சீட்டில் உட்கார்ந்து போவான். வழியில் கல் கிடந்தால் இறங்கி உருட்டித் தள்ளுவான். ஏறி உட்கார்ந்து வெளித் தகரத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவான். ரைட், போகலாம் என்று அர்த்தம்.

ஒரு சாயங்காலம் அந்தப் பாறைச் சரிவில் ஜீப் கவிழ்ந்தது. ஆட்கள் ஓடி வருவதற்குள் குரு சீட்டோடு சீட்டாக நசுங்கி உயிரை விட்டிருந்தான். குடித்துவிட்டு குருதான் ஓட்டினான் என்று சுந்தரமூர்த்தி சொன்னார். அவர் சொன்னபடியே கேஸும் எழுதப்பட்டு முடிந்துபோனது. செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப் போகிறானா என்ன?

குரு படுத்த பாய், தலையணை, போர்வை எல்லாவற்றையும் சுடுகாட்டு ஓரம் கொண்டுபோய்க் கொளுத்தினார்கள். ஒருத்தன் எதன்மேல் உயிரை விட்டானோ அதை எரித்தால்தான் அவன் கிளம்புவான் என்பது அவர்கள் வழக்கம். ஆனால் குரு பாயில் சாகவில்லை. அழுத அழுகையில் அது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

ஜெயக்கொடிக்கு உறைத்தது நேற்றுதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குஷன் கடை வைத்திருக்கும் தங்கராஜ் அவளைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல் ஒரு விஷயம் சொன்னார். ஜீப்பைச் சரிசெய்தபின் சுந்தரமூர்த்தி இடுப்புக்குச் சொகுசான சீட்டு தேடி அலைந்தாராம். முதலில் விழுப்புரத்தில் ஒன்று. பிறகு புதுச்சேரியில். கடைசியாகச் சென்னையில் ஏதோ பெரிய வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றிய ஜோடி. எதைக் கொண்டுவந்தாலும் ஜீப்புக்கு உயரம் போதாது. மாட்டிக் கொடுப்பது தங்கராஜ்தான். பழைய இடது சீட்டைக் கொளுத்திவிடு என்று சுந்தரமூர்த்தி சொன்னதை அவர் செய்யவில்லை. நல்ல கெட்டி ஸ்பாஞ்சு, நல்ல ஸ்பிரிங். யார் கொளுத்துவார்கள்? அந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற மாதிரி பழைய இடது குஷனை அதே பக்கம் அடியில் வைத்து, மேலே புதிய ரெக்சினைப் போட்டுத் தைத்தார். ஒவ்வொரு தடவையும் அதையேதான்.

"மேல தோலு மாறிச்சி, உள்ள அதேதாம்மா," என்றார். "தொவச்சி வெயில்ல போட்டேன். அந்தக் கறை மட்டும் காயவே இல்ல."

போல்ட் கழற்றும் ஸ்பானரையும் அவரேதான் கொடுத்தனுப்பினார்.

இப்போது அந்த ஸ்பானரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் வாசலில் நின்றாள். சுந்தரமூர்த்திக்குக் கோபம் வரவில்லை. சிரித்தார். தாராளமாக எடுத்துக்கொள், ஓட்டினவன் உட்கார்கிற சீட்டு வலது பக்கம், கழற்றிக்கொண்டு போ என்றார்.

"எடது," என்றாள்.

"எடதுல நான்தான ஒக்காந்திருந்தேன்."

அந்த வரியைப் பலமுறை சொல்லிப் பழகிய வாய். கண் இமைகூட அசையவில்லை. அவருக்குப் பின்னால் இருட்டிலிருந்து அவர் மனைவி ரஞ்சனியின் குரல் வந்தது.

"அப்பன்னா இப்ப போயி அதுல ஒக்காருங்களேன். பாக்கலாம்."

சுந்தரமூர்த்தி திரும்பவில்லை. இடுப்பில் இருந்த கை மட்டும் இறுகியது.

ரஞ்சனி டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். ஷெட்டுக்குப் போகும் வழியில், திரும்பிப் பார்க்காமலே, அடிக்குரலில் பேசிக்கொண்டு போனாள். ஒரேயொரு முறை அந்தப் புதிய சீட்டில் உட்கார்ந்து திண்டிவனம் ஆஸ்பத்திரி வரை போனாளாம். ரோட்டுப் பள்ளம் ஒன்றுகூடத் தெரியவில்லையாம். அசந்து தூங்கிவிட்டாள். ஒரு திருப்பத்தில் விழித்தபோதுதான் தெரிந்ததாம்.

"சொகமாத்தான் இருந்துது. யாரு மடியிலயோ ஒக்காந்தாப்புல."

இறங்கும்போது முதுகில் ரவிக்கை நனைந்திருந்தது. அன்றிலிருந்து ஜீப் ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை.

ஷெட்டுக்குள் டீசலும் எலிப்புழுக்கையும் புது ரெக்சினும் கலந்து நாறின. ஜீப் இருட்டில் படுத்திருக்கிற மாடு மாதிரி இருந்தது. டார்ச் வெளிச்சம் வலது பக்கச் சக்கரத்தில் பட்டு, மெல்ல இடது பக்கம் போனது.

இடது பக்கம் ஜீப் தாழ்ந்திருந்தது.

ஆள் உட்கார்ந்திருக்கிற வண்டி தாழ்கிற மாதிரி.

ரஞ்சனி டார்ச்சை ஜெயக்கொடியின் கையில் வைத்துவிட்டு ஷெட் வாசலிலேயே நின்றுகொண்டாள். சுந்தரமூர்த்தியும் பின்னாலேயே வந்திருந்தார். நிலைக்கு அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை.

போல்ட்டைக் கழற்றத்தான் ஜெயக்கொடி குனிந்தாள். அப்போது அந்த வாசனை வந்தது. சந்தன பவுடர். வேலைக்குக் கிளம்பும்போது குரு கழுத்தில் திட்டுத் திட்டாக அப்பிக்கொள்வான். மாரியம்மன் கூழுக்கு வந்த பூசாரியா நீ என்று அவள் தினமும் கேலி செய்வாள். அவன் பேசாமல் இன்னும் கொஞ்சம் அப்பிக்கொண்டு போவான்.

கால் தானாக உள்ளே ஏறியது.

உட்கார்ந்தாள்.

மெத்தென்று இருந்தது. உடம்பு எங்கே வலிக்குமோ அங்கெல்லாம் தாங்கிக்கொண்டது. சீட்டு இன்னும் கொஞ்சம் அமுங்கியது. தொடைக்கு அடியில் முதலில் ஒரு முட்டி தெரிந்தது.

பிறகு இன்னொன்று.

இடது முட்டியில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

அவளுக்கு அலறத் தோன்றவில்லை. அதுதான் கொடுமை. சின்ன வயதில் மேல்மலையனூர் போகும் பஸ்ஸில் மூச்சு முட்டுகிற கூட்டத்தில் அவள் உட்கார்ந்து போன மடி அது. திருப்பம் வந்தால் குரு அவள் வயிற்றைச் சுற்றிக் கை போட்டுப் பிடித்துக்கொள்வான். பாப்பா விழுந்துடுவ, பாப்பா விழுந்துடுவ என்று சொல்லிக்கொண்டே வருவான்.

அந்தக் கை வந்தது.

வயிற்றைச் சுற்றி, மெதுவாக, சூடாக. ஈரமாக.

"அண்ணா," என்றாள். "ஊட்டுக்கு வா."

கை இறுகியது.

இன்றைக்கே கொளுத்திவிடுகிறேன், நீ கிளம்பிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். ஊன்றியிருந்த உள்ளங்கைக்குக் கீழே ரெக்சின் தையல் வழியாக ஏதோ கசிந்தது. டார்ச்சில் பிடித்துப் பார்த்தாள். கறுத்த சிவப்பு. அப்போதுதான் அவளுக்கு அது புரிந்தது. யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்ல இந்த ஊரில் மிச்சமிருப்பது இந்த ஸ்பாஞ்சு ஒன்றுதான். இதைக் கொளுத்தினால் அண்ணன் போய்விடுவான். குடித்துவிட்டு ஓட்டிச் செத்த குரு மட்டும் ஊர் வாயில் என்றைக்கும் உட்கார்ந்திருப்பான். கொளுத்தாவிட்டால் பொய் ஒருநாள் உடையலாம். அதுவரை அண்ணன் இந்த நசுங்கின ஈரத்திலேயே கிடக்க வேண்டும்.

அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள்.

"இன்னும் கொஞ்ச நாளு இருக்கறியா? இல்ல, போறியா? நீ சொல்லுண்ணா."

கூரையில் ஓர் எலி ஓடி நின்றது.

வயிற்றைச் சுற்றியிருந்த கை தளர்ந்தது.

டப். டப்.

இடது பக்கத் தகரத்தில். வெளியிலிருந்து. உள்ளங்கையால்.

ஷெட் வாசலில் சுந்தரமூர்த்தி நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தத் தட்டு அவருக்குத் தெரியும். வருஷக்கணக்காக அதைக் கேட்டுத்தான் அவர் கியர் போட்டார்.

போகலாம் என்கிறான், எங்கே என்று சொல்லவில்லை. ஜெயக்கொடி இறங்கி போல்ட்டுகளைக் கழற்றினாள். தங்கராஜின் தையலைப் பிய்த்தாள். சென்னைச் சீட்டின் தோலுக்கு அடியில் பழைய குஷன் இருந்தது. முதுகும் தொடையும் பதிந்த பள்ளத்தில் கறை இன்னும் பளபளத்தது. அவள் அதை வெளியே இழுத்துக்கொண்டு வந்ததும் சுந்தரமூர்த்தியின் முகத்தில் பயம் போய் ஓர் ஆசை வந்தது.

"கொளுத்தத்தான எடுத்துக்கினு போற?" என்றார். மண்ணெண்ணெய் நானே தருகிறேன், இங்கேயே, இப்போதே கொளுத்திவிடலாம் என்று கெஞ்சினார். தூங்கி எத்தனை நாளாயிற்று தெரியுமா என்றார்.

"எந்தப் பக்கம் ஒக்காந்திருந்தீங்க?"

அவர் குஷனைப் பார்த்தார். ரஞ்சனியைப் பார்த்தார். வாய் திறந்தது. கீழுதடு 'வலது' என்பதன் 'வ'வுக்கு மடிந்தது. அந்த ஒரு சொல்லை அவர் சொல்லியிருந்தால், ஜெயக்கொடி அங்கேயே தீ வைத்து அண்ணனை அனுப்பியிருப்பாள்.

"அவந்தான் ஓட்னான்," என்றார் சுந்தரமூர்த்தி.

ரஞ்சனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்ப அவன் இருக்கட்டும்," என்றாள் ஜெயக்கொடி.

குஷனைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். கொல்லைப்புற வழியாகப் போகவில்லை. அவளுடைய ஆட்கள் யாரும் நடக்காத முன்பக்கக் கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டில் இறங்கினாள். இடது கைப்பக்கம் போனால் சுடுகாடு. வலது கைப்பக்கம் பஜார், கோர்ட்டு, நாளைக் காலையில் எழுப்ப வேண்டிய ஒரு வக்கீல் வீடு. அதற்கு முன்னால் இன்று ராத்திரி அம்மா. செத்தவன் சீட்டை வீட்டுக்குள் வைப்பாயா என்று நெஞ்சில் அறைந்துகொண்டு அழப்போகிற அம்மா.

வலது கைப்பக்கம் திரும்பினாள்.

வெறும் ஸ்பாஞ்சும் ஸ்பிரிங்கும்தான். ஆனால் ஓர் ஆள் கனம் கனத்தது. கழுத்து நோவெடுத்தது. காதோரம் ஈரம் வழிந்தது, அவள் துடைக்கவில்லை. மலையிருட்டில் மேல்மலையனூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போக, தூசிக்குள் அவள் கால் ஒரு நொடி தயங்கியது.

தலைக்கு மேலே, மெதுவாக, இரண்டு தட்டு.

நடந்தாள்.