மூடிக்கு அடியில் ஒரு குச்சி

மழை விட்டு மூன்று நாளாயிற்று. ஐந்தருவி சாலையில் எல்லா வீட்டு மொட்டை மாடியிலும் போர்வையும் தலையணையும் காய்ந்துகொண்டிருந்தன. முத்துவடிவு வீட்டு அடுக்களையில் மட்டும் உப்பு கரைந்து தண்ணீராக நின்றது. காலையில்தான் புதுப் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டியிருந்தாள்.

சுவரைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளங்கை நனைந்தது. பீரோவிலிருந்தும் மடித்துவைத்த சேலைகளிலிருந்தும், கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களின் அடியிலிருந்தும்கூட, புளித்த மாவில் மெழுகை உருக்கி ஊற்றியதுபோல ஒரு வாடை மெல்லமெல்ல எழுந்துவந்து மூக்குக்குள்ளேயே தங்கிவிட்டது. எங்கிருந்து வரும் வாடை என்று அவளுக்குத் தெரியும். அந்த வெட்கக்கேட்டை யாரிடம் சொல்வது?

கொல்லையில் நான்கு தேன்பெட்டிகள் இருந்தன. பக்கத்து வீட்டு ஜாஹிரா பீவி பிள்ளைபோல வளர்த்தவை. மகள் ஷிஃபாவின் பிரசவத்துக்குத் துபாய் புறப்படும்போது, ஜாஹிரா இவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஏட்டி, குளிரு ஒண்ணும் செய்யாது. ஈரந்தான் கொல்லும். மூடிக்கு அடியில இந்தக் குச்சி கெடக்கட்டும், எடுத்துராத. தெனமும் ரெண்டு தட்டு தட்டி காத வச்சுக் கேளு. உஸ்ஸுன்னு பதில் வந்தா உசுரோட இருக்குன்னு அர்த்தம்."

கார்த்திகை அடைமழை பிடித்த அன்று, குச்சி விட்டிருந்த அந்த விரல்கனத்து இடைவெளியைப் பார்க்க முத்துவடிவுக்குப் பொறுக்கவில்லை. இவள் பெரிய கெட்டிக்காரி அல்லவா! குச்சிகளை உருவிப் போட்டாள். ஒவ்வொரு பெட்டிக்கும் நீலத் தார்ப்பாயைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். அப்புறம் மழையில் யார் போய் நனைவது என்று பன்னிரண்டு நாள் எட்டிப் பார்க்கவில்லை. முதல் நாள் தட்டிக் கேட்டு போனில் பதிந்த சத்தத்தையே தினமும் ஜாஹிராவுக்கு அனுப்பினாள். கூடவே ஒரு வார்த்தை: "உள்ள நல்லாத்தான் இருக்கு."

பதின்மூன்றாம் நாள் பிரித்தாள். தேனீக்கள் விட்ட மூச்சே மூடியின் அடியில் முத்துமுத்தாகக் கோத்து, அவற்றின் மேலேயே சொட்டியிருந்தது. அடையெல்லாம் வெள்ளைப் பூசணம். ஈரப் புளியாய் ஒட்டிக்கிடந்த தேனீக்களில் ஒன்று மட்டும் காலை அசைத்தது. அதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு மூடினாள். முன்பு இருந்ததுபோலவே தார்ப்பாயைச் சுற்றிக் கட்டினாள். கொல்லை கண்ணில் படக்கூடாதென்று வீட்டு ஜன்னல்களையும் சாத்தினாள். அந்த ஒற்றைக் கால் நினைவுக்கு வரும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது.

நாலு மணிக்கு ஜாஹிரா போன் செய்தாள்.

"ஏட்டி, நாளைக்குக் காலையில வந்துருவேன். திருவனந்தபுரத்துல எறங்கி கார்ல வாரேன்."

"சரிக்கா."

"கேக்கணும்னு நெனச்சேன். நேத்து அனுப்புன சத்தத்துல நீ ரெண்டு தட்டு தட்டுதே. அப்புறம் மூணாவதா ஒண்ணு கேக்கே? உள்ள இருந்து யாரோ தட்டுத மாதிரி."

சொல்லிவிட இதுதான் சமயம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"அக்கா, நான் வந்து..."

"என்னட்டி?"

"ஒண்ணுமில்லக்கா. உள்ள நல்லாத்தான் இருக்கு."

போனை மேசையில் வைத்தபோது அறை நீலமாக இருந்தது.

வெயில்தான் இறங்குகிறது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஜன்னலைத் தள்ளினாள். ஈரத்தில் உப்பிய மரம் அசையவில்லை. கண்ணாடிக்கு வெளியே தென்னையும் இல்லை, கொல்லையும் இல்லை. சுருக்கம் விழுந்த நீலம் மட்டும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு மெதுவாக உள்வாங்கியது. வாசல் கதவுக்கு ஓடினாள். அதுவும் திறக்கவில்லை. கதவிடுக்கிலும் நீலம். எந்நேரமும் கேட்கும் அருவி இரைச்சல் நின்றுபோயிருந்தது. கயிறு மட்டும் கேட்டது. சுவரைச் சுற்றி. உரசி. இறுகி.

தலையணையில் வெள்ளை பூத்தது. பிறகு காலண்டரில். பிறகு அவள் விரல்களில்.

கால் மடங்கித் தரையில் சரிந்தாள்.

டொக். டொக்.

சுவரில். வெளியிலிருந்து.

பிறகு அமைதி. காதை ஒட்டவைத்துக் கேட்கும் அமைதி. ஒரு சத்தம் கொடுத்தால் போதும். ஒன்றே ஒன்று. கை எழவில்லை. வாயைத் திறந்தாள். தொண்டை முழுக்க மெத்தென்று ஏதோ அடைத்திருந்தது. குரல் வரவில்லை.

மேசையில் போன் தானாக ஒளிர்ந்தது.

இரண்டு தட்டு. உஸ்ஸென்ற பதில். ஆயிரம் சிறகுகளின் ரீங்காரம். ஆரோக்கியமாக, வீடு நிறைய.

வெளியே ஒரு பெண் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"உள்ள நல்லாத்தான் இருக்கு."

முத்துவடிவின் குரல்தான் அது.

செருப்புச் சத்தம் விலகிப் போயிற்று. அவசரமில்லாமல். திரும்பாமல்.

முத்துவடிவு மேலே பார்த்தாள். அவள் விட்ட மூச்சு கூரையில் முத்துமுத்தாகக் கோத்திருந்தது. ஒரு துளி கனத்தது. நெற்றியில் விழுந்தது.

அவள் ஒரு காலை அசைத்தாள்.