மான் வராத சோளவயல்

சமையற்கழிவு கொட்டப் பின்கதவைத் திறந்த புனிதவதி, வீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்ற மான்களைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். ரூஜ் காட்டை ஒட்டிய அந்த ஸ்காபரோ வளவில் மான் ஒரு புதினமா என்ன? கோடை முழுக்க அவள் நட்ட ரோசாவையும் பயற்றங்கொடியையும் மொட்டையடித்தவை இவைதான். ஆனால் கதவு கிறீச்சிட்டாலே வாலை உயர்த்திக்கொண்டு பறக்கிற சாதி. இன்றைக்குப் பறக்கவில்லை. பெரிதும் சிறிதுமாக ஐந்தாறு, விலாவோடு விலா உரச, சமையலறைச் சூடு கசியும் அந்தச் சுவரில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஈரத் தோலின் மணம் மூக்கில் அடித்தது. கைதட்டினாள். வாளியைத் தரையில் அடித்துச் சத்தம் போட்டாள். கடைசியில் நின்ற குட்டி அவளை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் வடக்குப் பக்கம் திரும்பிக்கொண்டது. எல்லாமே வடக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

கதவைச் சாத்திவிட்டு வந்தும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்படிக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். தேத்தண்ணி ஊற்றினாள், குடிக்கவில்லை. கடைசியில் கிளிபோட்டுக்குப் போன் போட்டாள். அவளுடைய கணவர் நவரட்ணத்தின் பழைய கூட்டாளி அவர். குளிர் தொடங்கினால் துவக்கும் கையுமாக மான் வேட்டைக்குப் புறப்பட்டுவிடுகிற மனிதர்.

“உதிலை பயப்பிட என்ன கிடக்கு தங்கச்சி?” என்று கிளிபோட் சிரித்தார். “வேட்டை தொடங்கினா மான் வயலிலை நிக்காது. சோளம் வெட்டியாச்சு, ஒளிக்க இடமில்லை. மனிசன்ரை மணம் ஒருக்காப் பட்டாலே காணும், பகல் முழுக்கப் பத்தைக்குள்ளை படுத்துக்கிடந்திட்டு இருட்டினாப்பிறகுதான் மேய வரும். வெடிச்சத்தம் இல்லாத இடம் எதெண்டும் அதுகளுக்குத் தெரியும். உங்கடை வளவு அப்பிடியான இடம்.”

“அப்ப என்னைக் கண்டு ஏன் அண்ணை ஓடேல்லை?”

அந்தப் பக்கத்தில் சிரிப்பு நின்றது.

“உண்மையைச் சொன்னா, இந்த முறை வடக்கை, உங்கடை பண்ணை வயலுக்கு இருட்டிலையும் ஒண்டும் வரேல்லை. மரத்திலை கமரா கட்டிவைச்சனான். மான் இல்லை, நரி இல்லை, ஒரு முயல்கூட இல்லை. உம்மடை மனிசன்தான் படத்திலை விழுறான், சட்டியோடை. பத்தையைப் பாத்துக்கொண்டு நிண்டு கதைக்கிறான். ஆரோடை கதைக்கிறான் தங்கச்சி?”

யாரோடு என்று அவளுக்குத் தெரியும். அல்லது நவரட்ணம் யாரென்று நம்பிக்கொண்டிருக்கிறார் என்பது தெரியும். “பிறகு சொல்லுறன் அண்ணை” என்றாள்.

நவரட்ணத்தின் தமையன் அருளம்பலம் இலையுதிர் காலத் தொடக்கத்தில், டோர்செட் பார்க் அடுக்குமாடியில் காலமானார். தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, முறைப்படி அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தார்கள். மான் இறைச்சி கிளிபோட் கொடுத்தது. படைத்ததில் ஒரு பங்கைப் பொழுதுபடும் நேரம் சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வரவேண்டும். ஸ்காபரோவில் எந்தச் சந்தியில் வைப்பது? வைக்கக் குனியுமுன்னே ஹோர்ன் அடிப்பான், இல்லாவிட்டால் எவனாவது பொலிசைக் கூப்பிடுவான். அதனால் வடக்கே, மரக்கறி பயிரிட அவர்கள் ஒரு துண்டு நிலம் வாடகைக்கு எடுத்திருந்த பண்ணையில், சோளவயலின் கரையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார் நவரட்ணம்.

அதோடு விட்டிருக்கலாம். விடிந்ததும் விடியாததுமாகப் போய்ப் பார்த்தார். தட்டில் ஒரு பருக்கை இல்லை, எலும்புகூட இல்லை. “அண்ணை வந்து சாப்பிட்டிட்டார் புனிதம்” என்று சின்னப் பிள்ளைபோல் அழுதார். அன்று பின்னேரமும் சோறு கொண்டுபோனார்.

“இஞ்சேருங்கோ, அது போகச் சொல்லிக் குடுக்கிற சாப்பாடு. வரச் சொல்லிக் குடுக்கிறதில்லை.” அவள் தலைபாடாய் அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே? தட்டு போய்க் கிண்ணம் வந்தது, கிண்ணம் போய்ச் சட்டி வந்தது. தான் சாப்பிடுவதையே மனிதர் நிறுத்திவிட்டார். காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை, கன்னம் உள்ளே போய்விட்டது. பசிக்கவில்லையா என்று கேட்டால், “அண்ணை சாப்பிட்டா எனக்கும் வயிறு நிறையுது” என்றார். அவளுக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது.

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது, அலுமாரியின் மேல்தட்டு வெறுமையாக இருப்பது கண்ணில் பட்டது. விருந்துக்கென்று வைத்திருந்த பெரிய அலுமினியச் சட்டி அங்கே இல்லை. புருசனை இன்று கையோடு கூட்டிவராமல் திரும்புவதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டு, அவள் தன்னுடைய காரின் திறப்பைத் தேடி எடுத்தாள்.

குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு மாற்றிய பிறகு பின்னேரம் என்று ஒன்று இல்லை. வேலையால் வருகிற சனம் வீடு சேருமுன்னே இருட்டிவிடுகிறது. தெருவிளக்குகள் முடிந்து, வீடுகள் முடிந்து, இரண்டு பக்கமும் வெட்டிய வயல்கள் கறுத்துக் கிடக்கும் பாதைக்கு வந்தபோது, பாதையோரம் எந்த மானின் கண்ணாவது மினுங்காதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டினாள். ஒன்றும் மினுங்கவில்லை. நவரட்ணத்தின் வான் பண்ணைப் படலையடியில் நின்றது, ஓட்டுநர் கதவு திறந்தபடி.

இறங்கியதும் முதலில் உறைத்தது அமைதிதான். இந்த மாதத்தில் தலைக்கு மேலே கத்திக்கொண்டு போகும் வாத்துக் கூட்டம் இல்லை, பத்தைக்குள் சரசரக்கிற எதுவும் இல்லை, காற்றுக்கூட வயலுக்கு வெளியே நின்றுவிட்டதுபோல் இருந்தது. போன் வெளிச்சத்தில் சோளக் கட்டைகள் வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டு நின்றன. அவள் காலடியில் ஒவ்வொன்றும் நொறுங்கிய சத்தம் அவளுக்கே கூடிப்போனதாகப் பட்டது. வறுத்த கறித்தூளின் வாசம் வந்தது. அவருடைய கைப்பக்குவம். அதற்குக் கீழே இன்னொரு மணம், மின்சாரம் நின்று நாள்பட்ட குளிர்ப்பெட்டியைத் திறந்தால் வருமே, அது.

பிறகு அவருடைய குரல்.

“இந்த ஒரு வாய்... இன்னும் ஒண்டு... மெல்லச் சாப்பிடுங்கோ அண்ணை.”

அவள் வெளிச்சத்தை அணைத்தாள். ஏன் அணைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கண் பழகியதும் கணவரின் முதுகு தெரிந்தது. வயலும் பத்தையும் சேருமிடத்தில் நின்றார். காலடியில் சட்டி. குனிந்தார், சோற்றைக் குழைத்தார், உருட்டினார். நிமிர்ந்து கையை நீட்டினார்.

மேலே.

தோளுக்கு மேலே, தலைக்கு மேலே, எட்டுமட்டும்.

அருளம்பலம் தம்பியைவிடக் கட்டையான ஆள்.

கை வெறுமையாகக் கீழே வந்தது. மரங்களின் உயரத்தில் எங்கோ மெல்லுகிற சத்தம் கேட்டது. ஆறுதலாக. ஈரமாக.

“என்னப்பா,” என்றாள். ஒரு அடி முன்னே வைத்தாள். மறுபடியும், “என்னப்பா!”

அவர் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நகம் அலுமினியத்தில் கிறீச்சிட்டது. மெல்லுகிற சத்தம் நின்றது. மேலே ஏதோ அவளுடைய பக்கம் திரும்பியதை அவள் பார்க்கவில்லை, உடம்பு அறிந்தது.

நவரட்ணம் திரும்பினார். கன்னம் நனைந்திருந்தது. இத்தனை வருடத்தில் அவள் காணாத சந்தோசம் அந்த முகத்தில்.

“நீயும் வந்திட்டியோ புனிதம்? நல்லதாப் போச்சு. சோறு முடிஞ்சுது. அண்ணைக்கு இன்னும் பசி ஆறேல்லையாம்.”

“அது அண்ணையில்லையப்பா. வாங்கோ. வீட்டை போவம்.”

“கொஞ்சம் பொறு.”

அவர் வெறுங்கையை மேலே நீட்டினார்.

கை இறங்கவில்லை.

மணிக்கட்டு தெரியவில்லை. முழங்கை தெரியவில்லை. அவர் கத்தவில்லை. குதிக்கால்கள் எழும்பின. நுனிக்காலில் நின்றார், பரணில் எதையோ எட்டி எடுப்பவர்போல.

பிறகு நுனிக்காலும் நிலத்தில் இல்லை.

சப்பாத்துகள் சோளக் கட்டைகளுக்கு மேலே மெதுவாக ஆடின. நவரட்ணம் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, மற்றக் கையால் அவளை வா, வா என்று கூப்பிட்டார்.