நான்காம் வாசலில் யார்?

காலை பத்து மணி. பார்சல் அலுவலகத்தின் கணினி சாகவில்லை. பிழைத்திருந்தது என்றும் சொல்ல முடியாது. ஓர் எழுத்தை அழுத்தினால், அது திரைக்கு வருவதற்குள் ஒரு கொட்டாவி விட்டு முடிக்கலாம். முகவரிச் சீட்டு அச்சாகாமல் பார்சல்கள் ஜன்னலை மறைத்துக் குவிந்திருந்தன.

"கொலைகாரன் இதோ நிக்கிறான்," என்று தன் தம்பியைக் காட்டினாள் முதலாளி அக்கா. "நேத்து லினக்ஸை மாத்தறேன்னு புதுசா என்னமோ ஏத்தினான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துட்டான்! இனிமே கம்ப்யூட்டரைப் பார்த்துக்க வெளி கம்பெனிக்காரங்களை நாளைக்கு வரச் சொல்லிட்டேன். இவன் வேன்தான் ஓட்டணும்."

தாடிக்காரத் தம்பி அக்காவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான்.

இன்றைக்கு மட்டும் பழுது பார்க்கத் தனியாக வந்தவளுக்குத் தொழிலில் 'மோப்பம்' என்று பெயர். முதலில் தம்பி ஏற்றியதை ஒதுக்கிவிட்டு, லினக்ஸின் மையக்கருவான கெர்னலின் பழைய பதிப்பில் கணினியைக் கிளப்பினாள். அதே நோய்.

"தம்பி மேல தப்பில்லை."

"நீங்களும் அவன் கட்சியா?"

எந்த நிரலும் பெரிதாக உழைக்கவில்லை. ஆனாலும் கணினியின் மூளையான செயலிக்கு மூச்சு வாங்கியது. மோப்பம் குறுக்கீடுகளின் கணக்கைத் திரைக்கு வரவழைத்தாள். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வாசல் உண்டு. அது தட்டினால் செயலி கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிப் போய்த் திறக்க வேண்டும். நான்காம் வாசலில் மட்டும் எண்கள் அருவியாய்க் கொட்டின. வெளிக் கருவியின் ஒயரைச் செருகும் சீரியல் போர்ட் அது.

மூலையில் ஃபிரிட்ஜ் உறுமி அடங்கியது. எண்ணும் நின்றது. கொஞ்ச நேரத்தில் இரண்டும் சேர்ந்தே மறுபடி கிளம்பின.

"நேத்து இங்கேருந்து ஏதாவது வெளிய போச்சா?"

"ஒண்ணுமில்லை. தட்டு மட்டும்."

மோப்பம் சாப்பாட்டு மேசையைப் பார்த்தாள். "யாரோட தட்டு?"

"பொதுத் தட்டுதான். சரியா காட்டலைன்னு ரிப்பேருக்குக் கொடுத்தேன்."

மோப்பத்தின் கை நின்றது. "சாப்பிடுற தட்டை ரிப்பேருக்கா?"

தம்பி முதல்முறையாகச் சிரித்தான். "எடை மெஷினைத்தான் அக்கா தட்டுன்னு சொல்லும்."

மோப்பம் எழுந்து போய் ஃபிரிட்ஜின் பின்னால் எட்டிப் பார்த்தாள். கணினியிலிருந்து வந்த சீரியல் ஒயர், பூ நாடாவால் அழகாகச் சுற்றிக் கட்டப்பட்டு, மோட்டாரை ஒட்டி ஆணியில் தொங்கியது.

"குற்றவாளி இதுதான். மறுமுனையில மெஷின் இல்லை. ஆனா எடை பார்க்குற புரோகிராம் இன்னும் காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கு. மோட்டாரோட இரைச்சல் ஒயர்ல ஏறினா, மெஷின்தான் பேசுதுன்னு போர்ட் செயலியைக் கூப்பிடுது. தட்டு போயிடுச்சு, தட்டுறது நிக்கலை! சரி, இவ்வளவு நேர்த்தியா மாட்டினது யாரு?"

தம்பி விட்டத்தைப் பார்த்தான்.

"யாராவது தடுக்கி விழுந்துடப் போறாங்களேன்னு..." அக்காவின் குரல் தேய்ந்தது. "நான்தான்."

மோப்பம் ஒயரைக் கணினியிலிருந்து உருவினாள். ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டேயிருந்தது, நான்காம் எண் அசையவில்லை. அச்சுப்பொறி இருமிவிட்டு முதல் சீட்டைத் துப்பியது.

அக்கா போனை எடுத்து வெளி கம்பெனியைக் கூப்பிட்டாள். "நீங்க வர வேண்டாங்க. எங்களுக்கு ஆள் இருக்கு... சொந்தத்துலதான். நல்லா வேலை தெரிஞ்சவன். என்ன, கொஞ்சம் ரோஷக்காரன். இப்பகூட என்கிட்ட பேசாமதான் நிக்கிறான்."