சலிக்காமல் எடுத்த ஆட்டம்

நகரத்தில் முகத்துக்கு மதிப்பு போய் இருபது வருடமாகிறது. முகத்தை யாரும் மாற்றிக்கொள்ளலாம், நடையை மாற்ற முடியாது என்று, நடையைப் பார்த்து ஆளை அறியும் நடைகாவலி எந்திரத்தை வாசல்தோறும் வைத்துவிட்டார்கள். ஆய்வகத்துக்கு இரண்டு வாசல். ஆய்வாளர் நடைக்கு முன்வாசல் திறக்கும், சுமைக்கூலி நடைக்குப் பின்வாசல்.

முனைவர் நளாயினியை முன்வாசல் மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பியது.

நான்கு நாளைக்கு முன் அவள் தூத்துக்குடி உப்பளத்தில் இருந்தாள். அங்கே பெண்கள் ஆடும் கூடையாட்டத்தை வெளியே நின்று பார்த்து எழுதி அலுத்துவிட்டது. உடம்புக்குள்ளிருந்து எழுத வேண்டும். அதற்குத்தான் மெய்வாங்கி: ஒருத்தியின் தசைப் பழக்கத்தை எடுத்து இன்னொருத்தியின் தசையில் இறக்கும் உறை. ஆட்டத்தை மட்டும் பிரித்தெடுக்க அதில் ஒரு சல்லடை உண்டு. உப்பளத் தொழிலாளி பேச்சிக்கனியும் அதைத்தான் கேட்டுக்கொண்டாள்.

“ஆட்டத்த மட்டும் எடுத்துக்கிடுங்கம்மா. மத்த எழவு உங்களுக்கு எதுக்கு? அது எங்களோட கெடக்கட்டும்.”

சலித்த தரவு பொய்த் தரவு என்று பத்து வருடம் பாடம் நடத்தியவள் நளாயினி. சல்லடையைக் கழற்றி வைத்தாள். பதினொரு வயதிலிருந்து உப்புக்கூடை சுமந்த கழுத்து, புண்ணுக்குப் பயந்து ஓரத்தில் ஊன்றும் பாதம், மேஸ்திரி குரலுக்குக் குறுகும் தோள், எல்லாம் இறங்கின. அன்று மாலை நன்றாகவே ஆடினாள்.

இறக்கியதை ஐந்து நாளுக்குள் கழுவ வேண்டும். தவறினால் தசை பிடித்துக்கொள்ளும், பிறகு போகாது. கழுவும் எந்திரம் ஆய்வகத்துக்குள் இருந்தது. இன்று ஐந்தாம் நாள்.

காவலாளி சங்கடத்தோடு நின்றார். “மேடம், நீங்கதான்னு எனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியலயே. உங்க நடையில நாலு எட்டு வச்சுக் காட்டுங்க, தொறந்துரும்.”

வைத்துப் பார்த்தாள். வரவில்லை. இயக்குநர் தொலைபேசியில் வருத்தப்பட்டார். வாசலை மீற அவருக்கும் அதிகாரமில்லை, விண்ணப்பம் கொடுத்தால் பத்து நாளில் பார்க்கலாம் என்றார்.

பின்வாசலுக்குப் போனாள். உடனே திறந்தது. சாமான் முற்றத்தைத் தாண்டிப் படியேறினால் கழுவும் அறை. படியில் கால் வைக்கும்போது கீழே ஆட்களை வைத்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த மேஸ்திரி அதட்டினான்.

“ஏய், எங்க ஏறுற? வரிசைக்கு வா.”

தோள் குறுகியது. கால் திரும்பி வரிசைக்குப் போனது. தலையில் மூட்டை ஏறியதும் கழுத்து அலுங்காமல் வாங்கிக்கொண்டது.

“உப்பளத்துக்காரியா? தூக்குறதுலயே தெரியுது,” என்றான் மேஸ்திரி. “நாளைக்கும் வந்துரு.”

தான் யாரென்று சொல்ல நளாயினி வாயெடுத்தாள். தலையில் சுமை இருக்கும்போது பேச்சிக்கனியின் உடம்பு பேசிப் பழகவில்லை.