ஒரு முறை கேட்டால் போதும்

பேரம் பேசுவதை மனிதர்கள் கைவிட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கத்தரிக்காய் விலையிலிருந்து கல்யாணப் பேச்சு வரை, இரு தரப்பின் கைப்பட்டைகளிலும் இருந்த இசைவி என்னும் செயலிகள் தங்களுக்குள் பேசி நொடியில் முடித்துவிடும். வாய்த்தகராறு இல்லை, முகச்சுளிப்பு இல்லை. மக்களுக்கு இதில் திருப்திதானா என்று வீடு வீடாகக் கேட்டுப் பதிவது ரோசலினின் வேலை. தூத்துக்குடியில் அதுவரை நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் திருப்தி என்றிருந்தார்கள்.

அன்று மதியம் அவள் போன வீட்டில் பர்னபாஸ் தனியாக இருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். போன வருடம் மனைவி இறந்தபின் அவர் எங்கே இருப்பது என்பதை அவருடைய இசைவியும் கோயம்புத்தூரிலிருக்கும் மகன் ஜெபராஜின் இசைவியும் பேசி முடித்திருந்தன. இங்கேயே, தனியாக. திருப்தியா என்று ரோசலின் கேட்டாள். திருப்திதான் என்றார். பதிந்துகொண்டாள்.

பிறகு அவர் சாப்பிடக் கூப்பிட்டார். காலையிலிருந்து பட்டினி கிடந்தவள், சாப்பிட்டாயிற்று என்று கூசாமல் பொய் சொன்னாள். நம்மில் யார்தான் முதல் தடவையே சரி என்கிறோம்? அவரும் விடவில்லை. ஒரு வாய்தானே என்றார். குழம்பு இன்றைக்கு நன்றாக வந்திருக்கிறது என்று தட்டையே எடுத்து வைத்துவிட்டார். மூன்றாவது தடவை கேட்டதும் உட்கார்ந்தாள்.

சாளை மீன் குழம்பு. மறுசோறு வாங்கும்போது அவளுக்கு ஏதோ உறுத்தியது.

"ஐயா, அங்க வரச்சொல்லி மகன் கேக்கலியா?"

"கேட்டான். நாந்தான் வேண்டாம்னேன். உடனே சரின்னுட்டான்." குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவ கேப்பான்னு நெனச்சேம்மா. கேட்டிருந்தா போயிருப்பேம்லா. வாராவாரம் இந்தக் கைப்பட்டையில பேசுதான், சாப்டியளான்னு மட்டுந்தான் கேக்கான்."

ரோசலின் தட்டை ஒதுக்கி வைத்தாள். படிவத்தைத் திறந்து அவர் பதிலை மாற்றப் பார்த்தாள். ஒரே கேள்வியை மறுபடி கேட்பது வற்புறுத்தலாகும் என்று படிவம் மறுத்துவிட்டது. மிச்சமிருந்தது கடைசிக் கேள்வி. அதற்கு மனிதர் தேவையில்லை, இசைவியே தன் பதிவுகளிலிருந்து நிரப்பும். நிரப்பியது.

'மகனின் அழைப்புகளிலிருந்து நீக்கிய வற்புறுத்தல்கள்: 41. வாசகம்: வீட்டுக்கு வந்துருங்கப்பா. பயனர் முன்பே மறுத்துவிட்டதால் அவர் காதுக்குக் கொண்டுசெல்லப்படவில்லை.'

அவள் படித்துக் காட்டினாள். எண்ணை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னாள்.

"ஒரு வருசமா அவன மனசுக்குள்ள திட்டிக்கிட்டு இருந்தனே," என்றார் பர்னபாஸ். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் அவருக்குத் தோன்றவில்லை. அந்தப் பக்கம் மகனும், அப்பா பிடிகொடுக்காமல் பேச்சை மாற்றுகிறார் என்றுதான் எண்ணியிருப்பான், பாவம்.

அவர் கைப்பட்டையை அவள்முன் நீட்டினார். "இத எடுத்துரும்மா."

ரோசலின் நீக்கும் பொத்தானை அழுத்தினாள். நிச்சயமாகவா என்று இசைவி பணிவாகக் கேட்டது. ஆமாம் என்றார் பர்னபாஸ். இன்னொரு முறை யோசித்துப் பார்க்கலாமே என்றது. வேண்டாம் என்றார். இவ்வளவு நாள் பழகிவிட்டோம், இன்று ஒரு நாள் மட்டுமாவது இருக்கட்டுமே என்று அது மூன்றாவது தடவையும் கேட்டது.