பாறையில் விரித்த மழைக்கோட்டு

காலை ஆறரை மணிக்கு, மலையடிவாரத்து வனக்காவல் சாவடியில் நின்றபடி எட்வின் தங்கதுரை கடைசியாக ஒரு முறை போன் பண்ணிப் பார்த்தார். எதிர்முனையில் இருந்தவன் விமானப்படையில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன், இப்போது பெரிய அதிகாரி.

"மேகம் மரத்து உச்சி வரைக்கும் இறங்கியிருக்கு சார். ஹெலிகாப்டரைக் கிளப்ப முடியாது."

அவனைக் குறை சொல்ல வழியில்லை. இருபத்தாறு வருஷம் ஹெலிகாப்டர் ஓட்டிய எட்வினும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்.

மலைமேல் இருப்பது அவர் மனைவி புஷ்பம், ஓய்வுபெற்ற தாவரவியல் டீச்சர். தோழிகளோடு பெரணிச் செடி பார்க்கப் போனவள் நேற்று மத்தியானம் மூடுபனியில் பிரிந்துவிட்டாள். ராத்திரி முழுக்க மழை. வனத்துறை ஆட்கள் அவள் பிரிந்த கிழக்குச் சரிவில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா கழுகுப்பாறையிலதான் இருப்பா, மக்ளே," என்றார் மகள் பெனிட்டாவிடம்.

காரணம் அவளுக்கும் தெரியும். கடற்கரைக்குப் போவதென்றால்கூடக் காரைக் கிளப்பும் முன் குடும்பத்தை வரிசையாக நிறுத்திப் பாடம் நடத்துகிற மனிதர் அவர். காட்டில் வழி தவறினால் மொட்டைப் பாறைக்குப் போ, மேலே பறப்பவன் கண்ணில் படு, அங்கேயே இரு! முப்பது வருஷமாகக் கேட்டுப் புஷ்பத்துக்கு அது மனப்பாடம். இந்த மலையில் மொட்டைப் பாறை என்றால் கழுகுப்பாறை ஒன்றுதான். ஆனால் ஹெலிகாப்டர் வராத நாளில் மொட்டைப் பாறைக்குக் காற்றும் மழையும்தான் வரும். தன் வாயாலேயே அவளைச் சாகடித்துவிட்டோமோ?

வழிகாட்ட வந்தவர் ஈச்சன் காணி, அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடிக்காரர்.

"இந்த முகட்டு வழியா ஏறினா முக்கால் மணி நேரம்," எட்வின் கை காட்டினார். "நூறு தடவை இதுக்கு மேல பறந்திருக்கேன்."

"மேல பறந்தா ஒண்ணும் இல்ல சாரே. கீழ ஈத்தக்காடு. ஆனை நிக்கும். ஓடை வழி போவோம், மூணு மணிக்கூர்."

மூன்று மணி நேரமா? எட்வின் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. முகட்டில் விறுவிறுவென்று ஏறினார். வேறு வழியில்லாமல் மற்ற இருவரும் பின்னால் போனார்கள். ஈத்தை மூங்கில் புதருக்குள் நுழைந்து பத்து நிமிஷம் ஆகவில்லை, முன்னால் எங்கோ தண்டுகள் மடமடவென்று முறிந்தன. ஈச்சன் அவர் தோளை அழுத்திப் பிடித்தார். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கினார்கள். ஓடைக்கு வந்து சேர்ந்தபோது ஒன்றரை மணி நேரம் வீணாகியிருந்தது.

"தப்பு என்னோடது," என்றார் எட்வின். "இனி நீங்க முன்னால நடங்க."

வழுக்குப் பாறை, அட்டை, முட்டியில் குத்தல். வழி நெடுகக் கூப்பிட்டும் பதில் இல்லை.

"சுகர் மாத்திரை போடுற அம்மா சாப்பிட்டு ஒரு நாள் ஆயிட்டுப்பா," என்று பெனிட்டா மெல்லச் சொன்னாள். அவர் நடையை எட்டிப் போட்டார்.

கழுகுப்பாறை உச்சியில் ஆரஞ்சு நிற மழைக்கோட்டு விரிந்து கிடந்தது. நான்கு மூலையிலும் கல். ஆளைக் காணவில்லை.

எட்வின் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பனிமலை முகாமில் அவர் பார்த்திருக்கிறார். குளிர் மண்டைக்கு ஏறினால் சிலர் புத்தி பேதலித்து, உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நடப்பார்கள். பாறை விளிம்புக்கு அப்பால் வெறும் வெள்ளை மூட்டம். எட்டிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஈச்சன் கோட்டுக்குப் பக்கத்தில் குனிந்தார். "கல்லு நாலும் ஒழுங்கா, காத்துக்குப் பறக்காம வெச்சிருக்கு. புத்தி தெளிஞ்ச ஆளு வெச்சது சாரே."

அவர் பாறையின் பின்புறம் சுற்றிப் போனார். பாசி வழுக்கி உரிந்திருந்த தடத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கீழே, குகை மாதிரி குடைந்த பள்ளத்தில், வீங்கிய காலை நீட்டி, காய்ந்த சருகுக்குள் சுருண்டிருந்தாள் புஷ்பம். உடம்பு நடுங்கியது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியிருந்தது.

பெனிட்டா அவள் வாயில் கருப்பட்டித் தண்ணீரை ஊற்றினாள். எட்வின் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். "நான் சொன்னதைக் கேட்டுத்தானே இந்தப் பாறைக்கு ஏறி..."

"மேல பறக்குறவனுக்குக் கோட்டு தெரிஞ்சா போதும். நான் எதுக்கு நனையணும்?" என்றாள் புஷ்பம், காற்றுக் குரலில். "நீங்க சொல்லுறதுல பாதியைத்தான் நான் கேப்பேன். அதனாலதான் நம்ம குடும்பம் நல்லாருக்கு, கேட்டியளா."

கம்பும் போர்வையும் கொண்டு தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். ஈச்சன் சொன்ன இடத்தில் மட்டும் எட்வின் கால் வைத்தார். சாயங்காலம் சாவடியில் கூட்டம் கைதட்டியது. "பைலட் சார் சாதிச்சிட்டாரு," என்று யாரோ சொன்னார்கள்.

"நான் ஆனைகிட்டதான் கூட்டிட்டுப் போனேன்," என்றார் எட்வின். "வழி கண்டது ஈச்சன். அவ உயிரோட இருந்தது அவ புத்தியால."